இரவல் தராத கிட்டார்

ஜனவரி 9

உனக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கி, அதைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். இல்லாததை எழுதக் கூடாது. உன் கைபேசியில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய், அதனால்தான் தாள். நீ கிட்டார் பழுதுபார்க்கும் பட்டறை முகவரிக்கு அனுப்புகிறேன்.

உன் அண்ணனும் நானும் பிரிவதென்று முடிவான அன்று, இரண்டு வீட்டாரும் உட்கார்ந்திருந்த கூடத்தில் நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "அண்ணன் கலைஞன். அண்ணிக்கு அது புரியல." நான் மறக்கவுமில்லை, மன்னிக்கவுமில்லை. ஆனால் இப்போது எழுதுவது அதற்காக இல்லை.

போன வாரம் மகள் அப்பா வீட்டிலிருந்து திரும்பினாள். வந்ததும் வராததுமாக, "அம்மா, நான் குட்டிப் பாப்பாவா இருந்தப்ப தூங்கவே மாட்டேனாம். அப்பாதான் எனக்காக ஒரு பாட்டு கட்டினாராம். காபிக் கடையில பாடினார், எல்லாரும் கை தட்டினாங்க" என்றாள். பாடியும் காட்டினாள்.

அது என் பாட்டு. காதுவலியில் அவள் வீறிட்டுக் கத்திய நாட்களில், தோளில் போட்டுக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தபோது வாயில் வந்து, வரி வரியாக நான் சேர்த்தது. உன் அண்ணன் அப்போது எந்த மேடையில் யார் கைதட்டலுக்குக் காத்திருந்தார் என்பது உனக்குத் தெரியும்.

வீட்டை விட்டுப் போனார், போகட்டும். பாட்டையும் தூக்கிக்கொண்டு போனார். அதை என் பிள்ளையிடமே தன்னுடையது என்று சொல்கிறாரே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

நான் சண்டைக்குப் போனால் பொறாமை என்பார்கள். பிள்ளையிடம் சொன்னால் அப்பாவைப் பற்றி அம்மா தப்பாகப் பேசுகிறாள் என்றாகும். அதனால் கிட்டார் கற்றுக்கொள்ளப் போகிறேன். அந்தக் காபிக் கடையில் மாதக் கடைசி சனிக்கிழமை யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துப் பாடலாமாம். அவர் பாடி இறங்கிய மேடையில் ஏறி, அவர் முகத்துக்கு நேராக அதே பாட்டைப் பாடுவேன்.

பல் செட் செய்யும் கூடத்துச் சம்பளம்தான் எனக்கு. ஏமாறுவதற்கு அதில் இடமில்லை. கிட்டாரைப் பற்றித் தெரிந்தவர்களில் பொய் சொல்லாத ஆள் நீ ஒருத்திதான். மனிதர்களைப் பற்றி நீ என்ன வேண்டுமானாலும் சொல்வாய், மரத்தைப் பற்றி உண்மைதான் சொல்வாய்.

எதை வாங்குவது?

---

ஜனவரி 20

அண்ணி,

இனி அப்படி எழுதலாமா என்று தெரியவில்லை. வேறு சொல் கைக்கு வரவில்லை.

நான் சொன்னதை நினைவு வைத்திருக்கிறீர்கள். நீங்கள் சொன்னதையும் கொஞ்சம் நினைவு வைத்திருக்கலாம். என் கல்யாணம் நின்றுபோன வாரம், சமையலறையில், என் காதில் விழுகிறது என்று தெரிந்தே சொன்னீர்கள்: "கையெல்லாம் கோந்து நாத்தம். எவன் கிட்ட வருவான்?" அந்தக் கோந்துக் கையோடுதான் இதை எழுதுகிறேன்.

கிட்டாருக்கு வருகிறேன். பளபளப்பைப் பார்க்காதீர்கள். மாப்பிள்ளை போட்டோவைப் பார்த்துச் சம்மதம் சொன்ன கதையாகிவிடும். முகப்பலகை ஒரே மரத்துண்டாக இருப்பது நல்லது என்று கடையில் சொல்வார்கள். உண்மைதான், சத்தம் நன்றாக வரும். ஆனால் அதைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கு ஒட்டுப்பலகை போதும், வெயிலுக்கும் ஈரத்துக்கும் அது அசையாது.

கிட்டாரைத் துப்பாக்கி மாதிரி கண்ணுக்கு நேரே பிடித்துக் கழுத்து நேராக இருக்கிறதா என்று பாருங்கள். கூன் விழுந்திருந்தால் கீழே வைத்துவிடுங்கள். முறுக்கிக்கொண்டிருந்தால் கடையை விட்டே வெளியே வந்துவிடுங்கள். கம்பிகளின் அடிநுனி ஒரு மரத்துண்டில் கட்டியிருக்கும், அதற்கு பிரிட்ஜ் என்று பெயர். அதன் பின்விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். தாள் உள்ளே போனால் ஒட்டு விடுகிறது என்று அர்த்தம். கழுத்தில் உள்ள ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு கம்பியையும் அழுத்தி மீட்டுங்கள். எங்காவது கரகரத்தால், "அது பழகப் பழகச் சரியாயிடும்" என்பான் கடைக்காரன். ஆகாது.

புதிதை விட, ஒருத்தர் ஆசையாக வாங்கி அலுத்துப்போய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளியது மலிவாகக் கிடைக்கும். மெல்லிய கம்பி போட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணனுக்கு நான் எழுதுவது தெரியக் கூடாது. தன் கிட்டாரை என்னிடம்தான் கொண்டுவருகிறார். அவரைப் பார்த்துத்தான் என் வாடிக்கையில் பாதி வருகிறது. உங்கள் பழியில் எனக்குப் பங்கு வேண்டாம். கேட்டதற்குச் சொன்னேன், அவ்வளவுதான்.

---

பிப்ரவரி 16

நாத்தனாருக்கு,

சமையலறையில் நான் சொன்னது உண்மை. சொன்னேன். இப்போது அதைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

முதலில் பெரிய கடைக்குப் போனேன். "யாருக்கு மேடம், சாருக்கா? பாப்பாவுக்கா?" என்றான் அந்த ஆள். எனக்குத்தான் என்றதும் சிவப்பில் பூப்போட்ட ஒன்றை எடுத்து நீட்டினான். கண்ணுக்கு நேரே பிடித்தேன், கூன். அடுத்ததில் தாள் சரசரவென்று உள்ளே போனது. மூன்றாவது கரகரத்தது.

"இதெல்லாம் யாரு மேடம் உங்களுக்குச் சொன்னது?"

"என் நாத்தனார்."

"அப்ப கஷ்டம்தான்" என்று சொல்லிக் கிட்டாரை வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டான்.

கடைசியில் வேலை மாற்றலில் வெளியூர் போகும் ஒரு செவிலியரிடம் கிடைத்தது. நீ சொன்ன மாதிரியே கட்டிலுக்கு அடியில் கிடந்தது. ஒட்டுப்பலகை, பழுப்பு நிறம், பக்கவாட்டில் ஒரு கீறல். கழுத்து நேராக இருந்தது. "வாசிப்பீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள். "ஒரே ஒரு பாட்டு" என்றேன்.

கம்பிகள் உயரமாக இருந்து விரலைக் கிழித்தன. பிரிட்ஜின் மேல் கம்பிகள் ஏறி உட்காரும் வெள்ளைப் பட்டையைக் கழற்றி அடிப்பக்கம் தேய்த்தேன். கழுத்து நடுவில் கம்பி ஒரு பங்கு இறங்க வேண்டுமென்றால் பட்டையில் இரண்டு பங்கு தேய்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். நாளெல்லாம் அடுத்தவர் வாய்க்குப் பல் ராவும் கைக்கு அது ஒரு வேலையா? வெண்ணெய் மாதிரி இறங்கிவிட்டது.

இடதுகை விரல்நுனி நான்கும் காய்த்துவிட்டன. பல் செட் கூடத்தில் மெழுகைத் தொட்டால் சூடே தெரிவதில்லை.

ஒன்று கேட்க வேண்டும். கழுத்துக்குள் ஓர் இரும்புத் தண்டு ஓடுகிறதாம், அதை முறுக்கினால் கழுத்து நிமிருமாம். அளவுக்கு மேல் முறுக்கினால் என்ன ஆகும்? உன் அண்ணன் நிகழ்ச்சிக்கு முன்னால் தன் கிட்டாரை உன்னிடம் தருவார் இல்லையா? சும்மாதான் கேட்டேன்.

---

மார்ச் 1

அண்ணி,

சும்மா கேட்கவில்லை. நீங்கள் எதையுமே சும்மா கேட்டதில்லை.

அளவுக்கு மேல் முறுக்கினால் கழுத்து பின்னால் வளையும், கம்பியெல்லாம் கரகரக்கும். இன்னும் முறுக்கினால் தண்டே அறுந்துபோகும், கிட்டார் செத்துவிடும். செய்ய எனக்குக் கால் நிமிடம் போதும். அவருக்குக் காரணமும் தெரியாது.

அந்த எண்ணம் உங்களுக்கு முன்னாலேயே எனக்கு வந்திருக்கிறது. வீட்டுக்கு முதல் கிட்டார் வந்தபோது அது எனக்கு என்றுதான் அப்பா வாங்கினார். ஒரு வாரத்தில் அண்ணன் கைக்குப் போனது. "அவன் வாசிக்கட்டும், நீ கம்பி மாத்திக் குடு" என்றார்கள். இன்றும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். பேட்டி கொடுத்தால் தானே கற்றுக்கொண்டேன் என்கிறார். கார்டு என்கிற சுருதிப்பிடிகளில் முதல் மூன்றை அவர் விரலைப் பிடித்து வைத்துக் காட்டியது நான்.

இருந்தும் செய்ய மாட்டேன். என் மேசைக்கு வந்த கிட்டார் எனக்கு நோயாளி மாதிரி. இனி இப்படிக் கேட்டால் கடிதத்தைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

உங்கள் கிட்டாரைப் பாருங்கள். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பியை மேலும் கீழும் துடையுங்கள், கை வியர்வைதான் கம்பியைத் தின்கிறது. ஜன்னலோரமும் அடுப்புப் பக்கமும் வேண்டாம். உங்கள் பல் செட் கூடத்தில் குளிர்சாதனம் ஓடும், அங்கே வைத்தால் மரம் காய்ந்து சுருங்கும். ஒரு சோப்பு டப்பாவில் துளை போட்டு, பிழிந்த பஞ்சை உள்ளே வைத்துப் பையில் போட்டுவையுங்கள். காருக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள். வெயிலில் நிற்கும் கார் கிட்டாருக்குச் சுடுகாடு.

---

ஏப்ரல் 11

நாத்தனாருக்கு,

சரி, தண்டைப் பற்றி இனிக் கேட்கவில்லை. முதல் கிட்டார் உனக்கு வாங்கியது என்று எனக்குத் தெரியாது. அத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தோம், ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை.

பாட்டு வந்துவிட்டது. நான்கு பிடிகள் தெரியும். மூன்றாவதிலிருந்து நான்காவதுக்குப் போகும்போது மட்டும் மாடிப்படியில் கால் இடறிய மாதிரி ஆகிறது. மே மாதக் கடைசி சனிக்கிழமைக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். அவருக்கு அடுத்தது நான்.

ஒரு குழப்பம். உன் அண்ணன் பாடுவது இரண்டு சரணம். பாட்டில் மூன்று உண்டு. மூன்றாவதை அவர் கேட்டதே இல்லை, ஏனென்றால் அது அவர் வீட்டுக்கு வராததைப் பற்றியது.

அதைப் பாடினால் அங்கேயே கதை முடிந்துவிடும். கூட்டத்துக்கே விளங்கிவிடும். ஆனால் மகள் முன்வரிசையில் உட்காருவாள். அது அவள் அப்பாவிடம் இருக்கும் வாரம். நினைக்கும்போதெல்லாம் கை பரபரக்கிறது, அவள் முகம் வந்தால் விட்டுவிடுகிறேன். இரண்டோடு நிறுத்துவதாக இருக்கிறேன். இரண்டே போதும் அவருக்கு.

---

மே 15

அண்ணி,

சுருக்கமாக எழுதுகிறேன், வேலை கிடக்கிறது.

நிகழ்ச்சிக்குச் சில நாள் முன்பே புதுக் கம்பி போட்டுவிடுங்கள். அன்றைக்குப் போட்டால் சுருதி நிற்காது. போட்டதும் ஒவ்வொன்றையும் மெல்ல இழுத்துவிட்டுச் சுருதி சேருங்கள், அது அடங்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். இடறும் இடத்தில் விரலை முழுக்கத் தூக்காதீர்கள். ஒரு விரலை மட்டும் கம்பியிலேயே வைத்துக்கொண்டு மற்றதை நகர்த்துங்கள்.

அண்ணன் நேற்று வந்தார். உங்கள் மகள் சொல்லியிருக்கிறாள் போல. என் மேசையில் சாய்ந்து நின்று, இரண்டு வாடிக்கையாளர் முன்னால் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அவ கிட்டார் வாங்கியிருக்காளாம். பல்லு ராவுற கை. குரங்கு கையில பூமாலை."

தலையைக் குனிந்துகொண்டு அவர் கிட்டாருக்குக் கம்பி மாற்றினேன்.

பாடுங்கள். எத்தனை சரணம் என்பது உங்கள் பாடு.

---

ஜூன் 2

என் அன்புள்ள நாத்தனாருக்கு,

இந்த முறை அடிக்கவில்லை, பார்.

உட்கார்ந்து நிதானமாகச் சொல்கிறேன். கடை நிறைந்திருந்தது. உன் அண்ணன் மேடையேறி, "இது என் மகளுக்காக நான் கட்டின பாட்டு" என்றார். முன்வரிசையில் அவளுக்கு ஒரே பெருமை. இரண்டாவது வரிகூட முடியவில்லை, பலகை பிளக்கிற மாதிரி ஒரு சத்தம். பிரிட்ஜ் பிய்த்துக்கொண்டு எழும்பி, கம்பிகளோடு அவர் கைமேல் விழுந்தது.

எனக்கு வயிறு எரிந்தது. ஏன் தெரியுமா? அவர் சிரித்துச் சமாளித்தார், கூட்டம் பாவப்பட்டு இன்னும் பலமாகக் கை தட்டியது. மாதக்கணக்கில் விரல் காய்த்தது இதற்காகவா என்று இருந்தது.

அப்புறம் கேட்டார்: "யாராவது ஒரு கிட்டார் குடுங்களேன்."

"அம்மாகிட்ட இருக்கு" என்று மகள் கையை நீட்டினாள்.

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. அவர் என்னைப் பார்த்தார். வீட்டில் துண்டு கேட்கிற மாதிரி கையை நீட்டி, "குடு" என்றார்.

நான் பையோடு மேடையேறினேன். கிட்டாரை எடுத்து மாட்டிக்கொண்டு சொன்னேன்: "இது இரவல் குடுக்கிறதில்ல. நீங்க ஆரம்பிச்ச பாட்டை நானே பாடிடறேன். எனக்குத் தெரியும்."

யாரோ சிரித்தார்கள். இறங்கிப் போனால் அசிங்கம் என்று அவர் அங்கேயே நின்றார், உடைந்த கிட்டாரை இடுப்பில் வைத்துக்கொண்டு. நான் பாடினேன். ஒருமுறை இடறியது. இரண்டு சரணம் முடிந்தது. சத்தியமாக நிறுத்திவிட்டேன், கம்பிமேல் கை வைத்துச் சத்தத்தையும் அடக்கிவிட்டேன்.

முன்வரிசையிலிருந்து மகள் ஆரம்பித்தாள்.

"கதவு அசைஞ்சா காத்துடி கண்ணே, காலடி கேட்டா நான்தான் கண்ணே, வரேன்னு சொன்னவர் வரலை கண்ணே, வழியப் பாக்காம தூங்கு கண்ணே."

எப்போது மனதில் வாங்கினாள் என்று தெரியவில்லை. நான் சொல்லிக் கொடுத்ததே இல்லை. வார்த்தை தெரிந்திருந்தது, அர்த்தம் தெரிந்து பாடினாளா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நான் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டு அவளோடு சேர்ந்து பாடினேன். கூட்டத்தில் ஒரு கரண்டிச் சத்தம்கூட இல்லை. உன் அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிவதற்குள் சமையல்கட்டு வழியாகப் போய்விட்டார்.

இப்போது சொல். அந்த பிரிட்ஜ் உன் கைவேலையா? ஆமாம் என்றால் கூடத்தில் நீ சொன்னதை இந்த ஜென்மத்துக்கும் மன்னித்துவிட்டேன்.

---

ஜூன் 10

அண்ணி,

உங்கள் மன்னிப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். செய்யாத வேலைக்கு நான் கூலி வாங்குவதில்லை.

நடந்ததைக் கேளுங்கள். நிகழ்ச்சிக்கு முதல் நாள் அண்ணன் கிட்டாரைக் கொண்டுவந்தார். முகப்பலகை தொப்பை போட்டிருந்தது. பிரிட்ஜுக்குப் பின்னால் தாள் பாதிவரை போனது. "இது தாங்காது. கழற்றி, சுரண்டி, ஒட்டிக் காய வைக்கணும். குடுத்துட்டுப் போங்க" என்றேன். "நாளைக்கு ஒரு நாள் தாங்கட்டும்" என்றார். "அப்ப கம்பியாவது தளர்த்தி, மெல்லிசு போடறேன்" என்றேன். "சத்தம் குறையும். நீ பேசாம சுருதியைச் சேர்த்துக் குடு" என்றார்.

வழக்கமாக நான் மூன்றாவது முறையும் சொல்வேன். கையிலிருந்து பிடுங்கி வைத்துக்கொள்வேன், திட்டினாலும் தர மாட்டேன். அன்றைக்கு 'குரங்கு கையில பூமாலை' காதுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. சுருதி சேர்த்துக் கொடுத்துவிட்டேன். மூன்றாவது முறை சொல்லவில்லை. என் பழி அவ்வளவுதான். அதற்கு நீங்கள் என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

மறு வாரம் ஆள் சேர்த்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். "அவ சொல்லி இவ அறுத்து வச்சிருக்கா" என்று வாசலிலேயே ஆரம்பித்தார். நான் பிரிட்ஜைத் திருப்பி விளக்குக்குக் கீழே வைத்தேன். ஒட்டு உடையவில்லை, இளகி நூல் நூலாக இழுத்திருந்தது, ஆறிப்போன பாகு மாதிரி. "கத்தி பட்டா இப்படி இழுக்காது. சூட்டுல மட்டும்தான் இழுக்கும். வெயில்ல கார்ல வச்சீங்களா?" என்று கேட்டேன்.

கூட வந்தவர், அவரோடு தாளம் வாசிக்கிறவர், "ஒத்திகைக்கு எடுக்கறவரைக்கும் மத்தியானம் பூரா கார்லதானே கிடந்துச்சு, நானே பார்த்தேனே" என்றார். சாட்சிக்கு அவர் கூட்டிவந்த ஆள், எனக்குச் சாட்சி சொல்லிவிட்டார்.

"எப்ப கிடைக்கும்?" என்றார் அண்ணன்.

"பள்ளிக்கூடத்து கிட்டார் ஒரு குவியல் கிடக்கு. அதுக்கு அப்புறம் உங்க முறை."

இத்தனை வருடத்தில் அவர் கிட்டார் வரிசையில் நின்றது இதுதான் முதல் தடவை.

---

ஜூன் 29

நாத்தனாருக்கு,

மூன்றாவது முறை சொல்லாமல் விட்டதற்கு நான் பெயர் வைக்கப்போவதில்லை. வைத்தால் நன்றி என்றுதான் வைப்பேன், நீ திருப்பி அனுப்புவாய்.

மகள் கேட்டுவிட்டாள். பள்ளிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, வரேன்னு சொல்லிட்டு வராதது யாரு?" என்றாள். ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். "உங்க அப்பாவையே கேளு" என்றேன். நல்ல அம்மா அப்படிச் சொல்ல மாட்டாள் என்று சொல்லும்போதே தெரிந்தது. ஆனாலும் சொன்னேன்.

அந்த வாரக் கடைசியில் போய்க் கேட்டிருக்கிறாள். அவர் என்ன பதில் சொன்னாரோ, இவள் சொல்லவில்லை. எனக்கு மட்டும் தொலைபேசி வந்தது. "பாட்டை நீயே வச்சுக்க" என்றார், பெருந்தன்மையாக. "குடுக்கறதுக்கு அது உங்ககிட்ட இருந்ததே இல்ல" என்று வைத்துவிட்டேன். இந்த ஒரு வரியைச் சொல்லத்தான் நான் கிட்டாரே வாங்கினேன் போலிருக்கிறது. அன்றைக்கு இரண்டு வாய் சேர்த்துச் சாப்பிட்டேன்.

ஆனால் அப்பா வீட்டிலிருந்து வந்ததிலிருந்து அவள் பாடுவதை நிறுத்திவிட்டாள். நான் கிட்டாரை எடுத்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போகிறாள். நேற்றுத்தான் கதவோரம் வந்து நின்று, "அந்தக் கடைசி வரியை மாத்திடலாமா?" என்று கேட்டாள். எப்படி மாற்றுவது என்று கேட்டேன். "இன்னும் யோசிக்கல" என்றாள்.

அவள் யோசிக்கட்டும். அதுவரை இரண்டு சரணம்தான்.

---

ஜூலை 18

அண்ணி,

அண்ணன் கிட்டாரின் முறை வந்தது. பழைய ஒட்டைச் சுரண்டி, பலகையைச் சமன்படுத்தி, ஒட்டி, அது இறுகும்வரை தொடாமல் வைத்திருந்து, கம்பி போட்டேன். என் கையால் இதைவிட நல்ல வேலை நடந்ததில்லை. குறை சொல்ல ஒரு இடம்கூட அவருக்குக் கிடைக்கக் கூடாது என்று செய்தேன்.

நேற்று வந்து வாங்கிக்கொண்டார். ஸ்டூலில் உட்கார்ந்து மேலிருந்து கீழ்வரை வாசித்துப் பார்த்தார். பையில் வைத்து மூடும்போது கேட்டார்: "அவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"நான்தான்."

விளையாட்டென்று நினைத்துச் சிரிக்கப் போனவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "கூடப் பொறந்தவனுக்கு எதிராவா?"

"எனக்கு வாங்கின கிட்டார்ல கூடப் பொறந்தவளுக்குக் கம்பி மாத்துற வேலை குடுத்தீங்களே, அதே கூடப் பொறந்தவதான்."

"இனிமே உன் பட்டறைப் பக்கம் வரமாட்டேன். என்கூட இருக்கிறவங்களும் வரமாட்டாங்க."

"சரி. போற இடத்துல வெயில்ல வச்ச கதையை மறைக்காம சொல்லிடுங்க. வேலை செய்யறவங்களுக்குத் தெரியணும்."

பாதி வாடிக்கை போய்விடும் என்று இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தேன். நேற்று அந்தப் பயத்தைத் தேடினேன், காணவில்லை. பள்ளிக்கூடத்தில் இன்னொரு குவியல் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அதுவே காலத்தை ஓட்டும்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி நின்றார். அதைக் கேட்காமல் போக அவரால் முடியவில்லை. "உண்மையைச் சொல்லு. நல்லாவா வாசிக்கிறா அவ?"

"இல்ல" என்றேன். "சுமாராத்தான் வாசிக்கிறாங்க. அதனாலதான் எல்லாரும் வார்த்தையைக் கேட்டாங்க."